சாம்பிராணியைக் கொடுத்தவர்கள்

1

என் சின்னம்மா இறந்துபோனதை ஒரு செய்தித் தளத்தில் வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வேலை நாள், மதியச் சாப்பாட்டு நேரம். மெல்பேர்னின் வடக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலைக்கு வெளியே வேனை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டடங்களில் பொருத்தியிருக்கும் தீ எச்சரிக்கைக் கருவிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பரிசோதிப்பது என் தொழில். அந்தப் பாடசாலையில் பாதியைக் காலையில் முடித்திருந்தேன். மீதி பிற்பகலுக்கு.

"குளவிக் கொட்டுக்கு இலக்காகி பெண் தொழிலாளி பலி" என்று தலைப்பு, முந்தின நாள் போட்ட செய்தி. மலையகத்தில் பிறந்த எவருக்கும் இது புதிய தலைப்பு இல்லை. தோட்டத்தின் பெயரும் வயதும் மட்டும் மாறும். எத்தனையோ தடவை இதைப் பெருவிரலால் மேலே தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்த்திருக்கிறேன். இதை வாசிக்கும் நீங்களும் தள்ளியிருப்பீர்கள். அன்றைக்கும் தள்ளியிருப்பேன். படம்தான் என்னை நிறுத்தியது.

தாழ வெட்டப்பட்டுத் துளிர்த்திருந்த ஒரு தேயிலை மலை. மேல் ஓரத்தில் ஒற்றை யூக்கலிப்டஸ் மரம். மரத்தடியில் சிவப்புத் துணி சுற்றிய கல். கீழே பாதையோரம் ஒரு படங்கு விரித்திருந்தது. கொழுந்து எடுக்கும் பெண்கள் செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் சுற்றிக்கொள்வார்களே, அந்தத் தடித்த துணி. படங்குக்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. பாதத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மலையைத் தெரிந்தது. அக்கரப்பத்தனைப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்து மலை அது. அம்மாவும் சின்னம்மாவும் வேலை செய்யும் மலை.

தம்பி தினேஷுக்குப் போன் எடுத்தேன். அவன் கொட்டகலை பஜாரில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறான்.

"யாருடா அது?"

"எது?"

"நியூஸ்ல போட்டிருக்கு. குளவி. நம்ம மலை."

"அது வேற டிவிசன் அக்கா. நீ சாப்டியா?"

"அம்மாகிட்ட குடு."

"அம்மா குளிக்கிறாங்க."

"நீ கடையில தான இருக்கணும்? வீட்டுல என்னா பண்ற?"

அவனுக்குப் பின்னால் பெண்கள் அழுவது கேட்டது.

"சின்னம்மாகிட்ட குடு," என்றேன்.

அவன் போனோடு வாசலுக்கு வந்திருக்க வேண்டும், அழுகைச் சத்தம் குறைந்தது. பிறகு, "எடுத்து முடிஞ்சதும் சொல்லலாம்னு அம்மா சொன்னாங்க அக்கா. நீ அங்க தனியாக் கெடந்து அழுவேன்னு," என்றான்.

எங்கள் ஆட்களின் வழக்கம் இது. வெளிநாட்டில் இருப்பவருக்கு நல்லதை உடனே சொல்வார்கள். சாவை, அடக்கம் முடிந்து சொல்வார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் செய்தித் தளக்காரருக்கு அந்த அன்பு கிடையாது. மலையிலிருந்து யாரும் லயத்துக்கு, எங்கள் வரிசை வீடுகளுக்கு, வந்து சேரும் முன்பே அவர் படத்தைப் போட்டுவிட்டார்.

2

அந்தச் செய்தியை அன்று பிற்பகல் முழுவதும் திரும்பத் திரும்ப வாசித்தேன். கருவி சரியில்லையென்றால் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்க்கப் பழகியவள் நான். செய்தியையும் அப்படியே பார்த்தேன்.

"திடீரெனக் கலைந்த குளவிக் கூடு" என்றிருந்தது. திடீரென எப்படி? செடியைத் தாழக் கத்தரிக்கும் கவ்வாத்துக் காலத்திலேயே அந்த மரத்தில் கூடு இருந்தது. மலைக்குப் போனவர்கள் எல்லோரும் அது பெருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

"மூன்று பிள்ளைகளின் தாயான" என்றிருந்தது. சின்னம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. கலியாணமாகிக் கொஞ்ச நாளிலேயே சித்தப்பா போய்விட்டார். அதன் பிறகு எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலேயே இருந்து என்னையும் தினேஷையும் வளர்த்தார். யாரைக் கேட்டு எழுதினார்கள்? யாரையும் கேட்கவில்லை. தோட்டத்துப் பெண் செத்தால் பிள்ளைகளின் தாயாகத்தான் இருப்பாள் என்று கையே எழுதிவிட்டது.

"சிகிச்சை பலனின்றி" என்றிருந்தது. என்ன சிகிச்சை? தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. மருந்து கொடுப்பவர் அன்று வேறு தோட்டத்தில் இருந்தாராம். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க முடியாமல் கொழுந்து லொறியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாக்குகளின் மேல் கிடத்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் மூச்சு நின்றுவிட்டது. பொலிஸ் பார்க்க வேண்டுமென்று மறுபடி மலைக்கே கொண்டுவந்து பாதையோரத்தில் இறக்கினார்கள். பொலிஸ் வரும்வரை அங்கேயே கிடந்தார். படம் அப்போது எடுத்தது. பலனில்லாமல் போவதற்குக்கூட அங்கே ஒரு சிகிச்சை இருக்கவில்லை.

"மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்" என்று முடிந்திருந்தது. சோற்றுப் பெட்டியை மூடி வைத்துவிட்டேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

3

வேலைத்தலத்தில் லீவு கேட்டேன். துக்க லீவுக்குக் கணினியில் ஒரு பகுதி உண்டு. இறந்தவர் உங்களுக்கு யார் என்று கேட்கும். தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளை, சகோதரம், பாட்டன், பாட்டி என்று போகும். தாயின் தங்கைக்கு அதில் இடம் இல்லை.

மனிதவளப் பகுதியில் ஒரு பெண்மணி, நல்லவர்தான். "உங்கள் ஆன்ட்டியா?" என்றார்.

"என் சின்ன அம்மா," என்று என் மொழியில் இருப்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"மாற்றாந் தாயா? அப்படியென்றால் சேர்த்துக்கொள்ளலாம்."

"இல்லை."

"உங்களோடு ஒரே வீட்டில் வசிக்கிறாரா?"

"நான் அவரோடு வசித்தேன்."

"இப்போது?"

இப்போது இல்லை. எனவே லீவு இல்லை. வருடாந்த லீவில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அங்கே ஒரு செய்தியாளர் சின்னம்மாவுக்கு இல்லாத மூன்று பிள்ளைகளைக் கொடுத்தார். இங்கே ஒரு கணினி இருந்த பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டது.

எடுத்த லீவில் என்ன செய்தேன்? படுக்கையில் இருந்தபடி அடக்கத்தைப் போனில் பார்த்தேன். தினேஷ் ஒரு கையில் போனைப் பிடித்திருந்தான். படம் ஆடிக்கொண்டே இருந்தது. இடையில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் மலர்வளையம் கொண்டுவந்தார். அதைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, போட்டோ எடுக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். எடுக்கவில்லை. மலர்வளையத்தைத் தூக்கி மறுபடி வைத்தார்.

அம்மாவைத் தேடினேன். ஒரு மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. அம்மாவையும் குளவி கொட்டியிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. போனைக் கிட்டக் கொண்டுபோனபோது கையால் தட்டிவிட்டார். அடுத்து வந்த நாட்களிலும் என்னோடு பேசவில்லை.

4

நடந்ததைத் தினேஷ்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான்.

கவ்வாத்து வெட்டிய மலையில் சில மாதம் கொழுந்து எடுக்கமாட்டார்கள். துளிர்த்து வந்து, முதல் கொழுந்துக்கு ஏறும் நாளில் மலைச்சாமிக்குப் பூசை வைப்பார்கள். கல்லைக் கழுவி, துணி சுற்றி, தேங்காய் உடைத்து, சாம்பிராணி போட்டுவிட்டுத்தான் செடியில் கை வைப்பார்கள். பூசைச் சாமான் தோட்டத்து ஸ்டோரிலிருந்து வரும். அது என்றைக்கும் உள்ள வழக்கம். சில வருடம் தோட்டத்து மனேஜர் துரையே வந்து திருநீறு பூசிக்கொண்டு போவார். எங்கள் மலையில் பூசை வைப்பது அம்மா.

இந்த வருடம் கல்லுக்கு நேர் மேலே கூடு. பெண்கள் தங்களை மேய்க்கும் கங்காணியிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆள் வைத்துக் கூட்டை எடுத்துவிட்டு மலையைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"சாமி மரத்துல தான இருக்கு? சாமி பாத்துக்கும்," என்று சிரித்திருக்கிறார் கங்காணி.

"சாமி பாத்துக்கும்னா நீங்க எதுக்கு, சாமியே கொழுந்தும் எடுத்துக்கிறட்டும்," என்றாராம் சின்னம்மா. அவருக்கு வாய் அதிகம்.

அன்று காலையில் ஸ்டோர்க்காரர் தேங்காய், கற்பூரம், சாம்பிராணி எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தார். கங்காணி, "பூசைய சுருக்கா முடிச்சிட்டு ஏறுங்க, துரை வர்ற நேரம்," என்று அவசரப்படுத்தினார். அம்மா தகர மூடியில் நெருப்பைக் கொட்டிச் சாம்பிராணியைத் தூவினார். அன்று காற்று இல்லை. புகை நேராக மேலே போனது.

கூடு கலைந்ததும் கால் உள்ளவர்கள் ஓடினார்கள். அம்மா படங்கை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு கல்லின் பக்கத்திலேயே குப்புறப் படுத்துவிட்டார். சின்னம்மாவுக்கு முழங்கால் வருத்தம், ஓட முடியாது. வளர்ந்த தேயிலை என்றால் செடிக்கடியில் புகுந்துகொள்ளலாம். நாங்கள் எல்லோரும் சிறுவயதிலேயே கற்றுக்கொள்வது அது. சின்னம்மாவும் அதைத்தான் செய்யப் பார்த்திருக்கிறார். ஆனால் அது கவ்வாத்து வெட்டிய மலை. செடி முழங்கால் உயரம்கூட இல்லை. தலையை மட்டும் செடிக்குள் நுழைத்துக்கொண்டு கிடந்தாராம். தங்கச்சியும் ஓடியவர்களோடு போய்விட்டாள் என்றே அம்மா நினைத்துக்கொண்டிருந்தார்.

போன கோடையில் நான் பரிசோதிக்கப் போன இன்னொரு பாடசாலையில், எச்சரிக்கை மணிக்குப் பின்னால் குளவி கூடு கட்டியிருந்தது. உள்ளங்கை அளவுதான். என்னோடு வேலை செய்யும் கிரெக் ஏணியிலிருந்து இறங்கி, "நான் தொடமாட்டேன்," என்றார். உடனே அந்தத் தாழ்வாரத்தை மூடினார்கள். பிள்ளைகளை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். முகமூடியோடு ஒருவர் வந்து கூட்டை எடுத்தார். வேலை பிந்திவிட்டதே என்று அன்றைக்கு நான் எரிச்சல்பட்டேன்.

கிரெக்கிடம் சின்னம்மாவைப் பற்றிச் சொன்னபோது, "குளவியா? அவருக்கு அலர்ஜி இருந்ததா?" என்றார்.

"அவருக்கு முதலாளி இருந்தார்," என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் பொறுமை இல்லை.

5

அடக்கம் முடிந்த மறுநாள் அதே தளத்தில் இரண்டாவது செய்தி வந்தது. பூசையின்போது தொழிலாளர்கள் மூட்டிய புகையே குளவி கலையக் காரணம் என்று தோட்ட நிர்வாகம் தெரிவித்திருப்பதாக எழுதியிருந்தார்கள். பழைய படத்தையே மறுபடி போட்டிருந்தார்கள்.

கீழே வாசகர்கள். முதல் செய்திக்குக் கைகூப்பிய பொம்மைகளை வைத்தவர்களே இதற்கும் வந்திருந்தார்கள். இப்போது கோபமாக வந்திருந்தார்கள். "இந்தக் காலத்திலும் மூடநம்பிக்கை" என்று ஒருவர். "படிப்பறிவு இல்லாவிட்டால் இப்படித்தான்" என்று இன்னொருவர். பெயரைப் பார்த்தால் நம்மூர்ப் பையன் போல இருந்தது. அவனுடைய அம்மாவும் இப்படி ஒரு கல்லுக்கு முன்னால் கும்பிட்டுவிட்டுத்தான் அவனைப் படிக்க வைத்திருப்பார். லண்டனிலிருந்து ஒருவர், "அதுதான் சாமியின் தீர்ப்பு" என்று எழுதி, சிரிக்கும் முகத்தையும் போட்டிருந்தார்.

கூட்டை எடுக்கச் சொன்னபோது சாமி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஆள் செத்த பிறகு சாமி கும்பிட்டது தப்பு என்கிறார்கள். இரண்டையும் சொல்வது ஒரே வாய். அதை எழுதிப் போடுவது ஒரே தளம். கீழே நின்று கைதட்டுவது நாம்.

நானும் எழுதினேன். மூன்று வசனங்கள்தான். கூடு இருந்தது தோட்டத்துக்குத் தெரியும். சாம்பிராணியைக் கொடுத்தது தோட்டத்து ஸ்டோர். கூட்டை எடுக்காமல் மலையைத் திறந்தது தோட்டம்.

"ஆதாரம் இருக்கிறதா சகோதரி?" என்று ஒருவர் கேட்டார். பூசைதான் காரணம் என்று எழுதியபோது யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தினேஷ் எடுத்தான். கத்தினான்.

"நீ என்னா அக்கா எழுதி வச்சிருக்க? தோட்டத்து ஆபிஸ் கிளாக்கர் ஐயா போனைத் தூக்கிட்டு லயத்துக்கே வந்துட்டாரு. ஒங்க மக தான இதுன்னு அம்மாகிட்ட காட்டுறாரு."

"நான் எழுதினதுல எது பொய்?"

"பொய் இல்ல. நீ அங்க குந்திக்கிட்டு எழுதிருவ. நாளைக்கு பெரட்டுல நிக்கப் போறது அம்மா." பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரிக்கும் இடம். அங்கே முறைத்துக்கொண்டால் தினமும் முறைத்துக்கொள்ள வேண்டும். அவன் சொன்னதும் பொய் இல்லை.

"அம்மா என்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கிளாக்கர் ஒரு தாளை நீட்டினாரு. கையெழுத்து வைக்கச் சொல்றாரு. எல்லாம் சிங்களத்துல இருக்கு. திங்கக்கெழம ஆபிஸுக்கு வந்து வச்சா போதும்னுட்டுப் போயிட்டாரு. அம்மா வச்சிருவாங்க போல."

"எதுக்கு?"

"எதுக்கா? நீ வேற. அம்மா தான் சின்னம்மாவக் கொன்னுட்டதா அவங்களே நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

6

என் மகள் மித்ராவுக்கு ஆறு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பாடசாலையில் அவர்களுக்கு ஆபத்து நேரத்தில் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எந்த எண்ணை அழுத்துவது, எந்த வாசலால் வெளியேறுவது, எங்கே வரிசையில் நிற்பது. சின்னம்மா அவளுக்குச் சின்ன அம்மாயி, சின்ன அம்மாயி எப்படிச் செத்தார் என்று கேட்டாள். சொன்னேன்.

"ஏன் ஆம்புலன்ஸ் வரல?" என்றாள். இதை மட்டும் தமிழில் கேட்டாள்.

"தூரம்."

"ஏன் டீச்சர் எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போகல?"

அவளுக்கு ஒரு மலையும் வகுப்பறை மாதிரித்தான். பெரியவர் ஒருவர் இருப்பார், எண்ணிப் பார்ப்பார், ஒருவர் குறைந்தால் திரும்பிப் போய்த் தேடுவார். கங்காணி என்று ஒருவர் இருந்தார், அவரும் எண்ணுவார், காலையில் வேலைக்கு வரும்போது மட்டும் எண்ணுவார் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் போய்க்கொண்டிருப்பது எனக்குக் கவலைதான். ஆனால் அன்று ஒன்றை ஒத்துக்கொண்டேன். யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கை அவளுக்கு இங்கேதான் கிடைத்திருக்கிறது. நான் அவள் வயதில் கற்றது செடிக்கடியில் புகுவது.

7

ஞாயிற்றுக்கிழமை அம்மா தானாகவே எடுத்தார். வீடியோவில். ஒரு கண் பாதி திறந்திருந்தது.

"பாப்பா, ஒன்னைய ஒண்ணு கேக்குறேன். நீ பொகை புடிக்கிற மெசின் வேலை தான பாக்குற?"

"ஆமாம்மா."

"அப்ப ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். நெசத்தச் சொல்லணும். பொகையாலதான அது கெளம்புச்சு?"

வந்தவர் போனவர் எல்லோரும் அம்மாவிடம் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். விதி, நேரம், நீ என்ன பண்ணுவ லெச்சுமி என்று. நானும் அப்படிச் சொல்லியிருக்கலாம். மகள் சொல்ல வேண்டியதும் அதுதான். ஆனால் அம்மா என்னை மகளாகக் கேட்கவில்லை.

"ஆமாம்மா. காத்து இல்லாம நேரா மேல போயிருந்தா, பெரும்பாலும் புகைதான்."

அம்மா அழவில்லை. தலையை ஆட்டினார்.

"எல்லாரும் இல்ல இல்லன்னாங்க. எனக்கு அது புடிக்கவே இல்ல," என்றார்.

"ஆனா அது மட்டும் இல்லம்மா. கூடு இருந்தது, அத எடுக்கச் சொல்லி நீங்க சொன்னது, எடுக்காம மலையைத் திறந்தது, கங்காணி அவசரப்படுத்தினது, டிஸ்பென்சரி பூட்டிக் கெடந்தது…"

"போதும். லிஸ்டு போடாத. அந்தத் தாளுல என்னா எழுதியிருக்கு, அத மட்டும் சொல்லு."

தினேஷ் அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் சிங்களப் பிள்ளைகளோடு படித்ததில் எனக்குச் சிங்களம் வாசிக்க வரும். மெதுவாக வாசித்து, தமிழில் சொன்னேன். பெண் தொழிலாளர்கள், நிர்வாகத்தின் அனுமதியின்றி, புகை தரும் பொருட்களை எரித்ததால் விபத்து நேர்ந்தது. அதை எரித்தவர் நான். இதில் நிர்வாகத்துக்குப் பொறுப்பு இல்லை என்பதை அறிவேன்.

"அனுமதி இல்லாமயா?" என்றார் அம்மா.

"அப்பிடித்தான் இருக்கு."

"ஸ்டோர்க்காரன் தன் கையால தான பையில போட்டுக் குடுத்தான்? சாம்பிராணி பத்துமா அக்கான்னு வேற கேட்டானே?"

"இதுல அது இல்லம்மா."

"கங்காணி பக்கத்துலயே நின்னாரே?"

"அதுவும் இல்ல."

அம்மா போனைத் தினேஷிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். கையெழுத்து வைப்பாரா, மாட்டாரா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. வைத்துவிட்டால் சின்னம்மாவின் சாவு அத்தோடு முடிந்தது. தோட்டம் கையைக் கழுவிக்கொள்ளும். அம்மா மட்டும், தங்கச்சியைக் கொன்றவராக எழுத்தில் நிற்பார். என் ஆத்திரமெல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல் இருந்தது. அனுமதியின்றி.

8

திங்கட்கிழமை தினேஷ் கடைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு ஆபிஸுக்குப் போனான். அவன் சொன்னதை எழுதுகிறேன்.

கிளாக்கர், "வாங்க லெச்சுமி அக்கா, ஒக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார். அம்மா அந்த ஆபிஸுக்கு எத்தனையோ காரியத்துக்குப் போயிருக்கிறார். நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை. அம்மா உட்காரவில்லை.

"ஒரு கையெழுத்துதான். இத வச்சா எல்லாம் முடிஞ்சிரும். இல்லாட்டி பொலிஸு, கோர்ட்டுனு நீங்கதான் அலையணும்."

"இதுல என்னா இருக்குன்னு வாசிங்க, ஐயா."

"நடந்ததுதான் இருக்கு. பூசையில பொகை போட்டது."

"போட்டது நான்தான்," என்றிருக்கிறார் அம்மா. "எழுதிக்கங்க. நான் இல்லன்னு சொல்லல."

கிளாக்கருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பேனாவை நீட்டியிருக்கிறார்.

"சாம்பிராணியக் குடுத்தது ஒங்க ஸ்டோரு. அதையும் எழுதிக்கங்க."

"அக்கா, அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"கூட்ட எடுக்கச் சொன்னோம். சாமி பாத்துக்கும்னு கங்காணி சொன்னாரு. அதையும் எழுதிக்கங்க."

"அதெல்லாம் இதுல வராதும்மா."

"அப்ப என் கையெழுத்தும் இதுல வராது."

கிளாக்கர் தினேஷைப் பார்த்து, "மகளுக்கு வெளிநாட்டுல இருந்துக்கிட்டு நல்லா சொல்லிக் குடுக்கத் தெரியுது," என்றாராம்.

"அது என் தங்கச்சி ஐயா, செத்தது," என்றிருக்கிறார் அம்மா. "யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கத் தேவல்ல."

இதை வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாளே அதே மாதிரித் தாளில் கங்காணி சாட்சியாகக் கையெழுத்து வைத்துவிட்டார். நான் போட்ட மூன்று வசனங்களைத் தளக்காரர்கள் நீக்கிவிட்டார்கள். மறுபடி போட்டேன். மறுபடி நீக்கினார்கள். 'மூடநம்பிக்கை' என்று எழுதியவருடையது அப்படியே இருக்கிறது. நிறையப் பேருக்குப் பிடித்தும் இருக்கிறது. தோட்டம் இப்போது 'ஆபத்து' என்று ஒரு பலகை வைத்திருக்கிறது. மரத்துக்குக் கிட்டப் போகப் பயந்து, துரையின் வாகனம் போகும் பாதையோரத்தில் நட்டிருக்கிறார்கள். மலையில் பூசை செய்யக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. குளவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இந்த வாரம் அம்மா மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினார். நேற்று பெரட்டுக்குக் கிளம்பும் முன் எடுத்தார். எனக்கு மதியம். ஓர் அலுவலகக் கட்டடத்தின் படிக்கட்டில் நின்று பேசினேன்.

"எந்த மலைம்மா?"

"அதே மலைதான்."

"கூடு?"

"இருக்கு. வேற எங்க போகும்?"

"அப்ப எதுக்கும்மா போறீங்க?" என் குரல் உயர்ந்துவிட்டது. மேல் படியில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"கத்தாத. கீழ்ப் பக்கம் மட்டுந்தான் எடுக்குறோம். மரத்தச் சுத்தி உள்ள நெரையில யாரும் கை வைக்கிறது இல்ல. நான் சொல்லல, அவளுகளா நின்னுட்டாளுக. கொழுந்து முத்திப் போயி நிக்குது. ரோட்டுல இருந்து பாத்தாலே தெரியுது."

"கங்காணி?"

"தெனம் கத்துறாரு. முந்தாநாளு, நானே எடுக்குறேன் பாருங்கன்னு கூடையத் தூக்கிட்டு ஏறினாரு."

"ஏறி?"

"பாதி தூரம் போனாரு. மேல பாத்தாரு. எறங்கி வந்துட்டாரு. நாங்க ஒருத்தரும் சிரிக்கல, பாப்பா. சும்மா பாத்துக்கிட்டு நின்னோம்."